இஸ்க்ரா காட்டிய சாப்பாட்டுக் கடை

எங்கள் புறநகர் யாசென்யாக்கில் குறைந்த காசுக்கு வயிறு நிறையச் சாப்பிட வேண்டுமா? இஸ்க்ராவைக் கேட்டால் போதும்.

இத்தனைக்கும் அவளுக்குப் பத்து வயதுதான். அவள் குடும்பம் எங்கள் புறநகருக்குக் குடிவந்தே மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. அப்பா ரதிஷா வீடுகளின் தரையில் ஓடு பதிப்பவர். அம்மா வெரிட்ஸா ஒரு சலவை நிலையத்தில் வேலை பார்ப்பவர். காலையில் இருவரும் பேருந்தேறி பெல்கிரேடு நகரத்துக்குப் போனால் இருட்டிய பிறகுதான் திரும்புவார்கள். பள்ளி விட்டதும் தனக்கும் தம்பி ஒக்னியனுக்கும் சாப்பாடு தேடுவது இஸ்க்ராவின் வேலை. அம்மா கொடுத்த காசு கொஞ்சம். ஏழு வயது ஒக்னியனின் பசி நிறைய.

அதனால் அவள் தெருத்தெருவாக அலைந்து எல்லாவற்றையும் தெரிந்து வைத்திருந்தாள். கடைசிப் பேருந்து நிறுத்தத்தில், மெல்லிய மாவை அடுக்கிச் சுடும் புரெக் விற்கும் கடையில் ஓரத்துத் துண்டைக் கேட்டு வாங்க வேண்டும். விலை ஒன்றுதான், மொறுமொறுப்பு இரண்டு மடங்கு. டயர் கடைக்குப் பின்னால் ஒரு சன்னலில் பீன்ஸ் சூப் விற்பார்கள். அங்கே ரொட்டிக்குக் காசு கிடையாது. ஆனால் ஒரு மணிக்குள் போய்விட வேண்டும், அதற்குப் பிறகு அந்தக் கடைக்கார அம்மா சூப்பில் தண்ணீர் ஊற்றிவிடுவார். பள்ளத்துத் தெருவில் கறி சுடும் கடையில் 'சின்னது ஒன்று' என்று கேட்டாலும் பெரியதுதான் வரும். கடைக்காரருக்குக் கொத்துக்கறியைச் சின்ன வட்டமாகத் தட்டத் தெரியாது.

ஊருக்குப் புதிதாக வந்த கொத்தனார்களும் பேருந்து ஓட்டுநர்களும்கூட அவளிடம் வழி கேட்பார்கள். அவள் யாரையும் ஏமாற்றி அனுப்பியதில்லை. சாப்பாடு சுமார்தான் என்றால், "வயித்துக்குப் போதும், நாக்குக்குப் போதாது" என்று முன்கூட்டியே சொல்லிவிடுவாள்.

அப்படிப்பட்ட இஸ்க்ராவின் வீட்டில், டிசம்பர் பத்தொன்பதாம் தேதி, முப்பது பேருக்குச் சமைத்த சாப்பாடு தொடுவாரில்லாமல் இருந்தது.

அன்று புனித நிக்கோலாவின் நாள். எங்கள் நாட்டில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் காவலாக ஒரு புனிதர் உண்டு. அவருடைய நாள்தான் அந்தக் குடும்பத்தின் ஸ்லாவா. பிறந்தநாளை மறந்தாலும் மறப்போம், ஸ்லாவாவை மறக்க மாட்டோம். இஸ்க்ரா வீட்டுக்கு நிக்கோலா. எங்கள் தெருவில் முக்கால்வாசி வீட்டுக்கும் அவர்தான்.

அவர்கள் குடியிருந்தது தரைத்தளத்தில், கடைக்காகக் கட்டிய ஒரு நீளமான அறை. கடை வைக்க யாரும் வராததால் வாடகை குறைவு. தெருப்பக்கம் சுவருக்குப் பதிலாக ஒரே கண்ணாடி. அன்று அதிகாலையில் அப்பா எங்கிருந்தோ மூன்று பழைய கதவுகளைக் கொண்டுவந்து வரிசையாகப் போட்டு, மேலே வெள்ளைத் துணி விரித்து, நீள மேசையாக்கினார். ஓடு ஒட்டும் பசை வந்த காலி வாளிகளைக் கவிழ்த்து, அவற்றின் மேல் பலகை போட்டார். அதுதான் உட்காரும் இடம்.

இஸ்க்ரா மேசையைச் சுற்றிச் சுற்றி வந்தாள். நோன்புக் காலம் என்பதால் கறி, பால், முட்டை எதுவும் இல்லை. அதனால் என்ன? பொன்னிறமாகப் பொரித்த கெண்டை மீன் துண்டுகள் மூன்று பெரிய தட்டுகளில் குவிந்திருந்தன. வெங்காயத்தோடு அடுப்பில் வெந்த பீன்ஸிலிருந்து ஆவி பறந்தது. புளித்த முட்டைக்கோஸ் இலைக்குள் சோறும் அக்ரூட் பருப்பும் வைத்துச் சுருட்டிய உருண்டைகள் ஒரு பெரிய பானை நிறைய. நடுவில் பூவும் பறவையும் மாவிலேயே செய்து ஒட்டிய வட்ட ரொட்டி. அதன் பக்கத்தில் இஸ்க்ராவின் இடுப்பு உயரத்துக்கு ஒரு மெழுகுவர்த்தி எரிந்தது. தன் வீடுதானா இது என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

"ஏம்மா இவ்வளவு?" என்று கேட்டாள்.

"முப்பது பேருக்குக் கொறச்சலா ஸ்லாவா சமையல் எனக்குச் செய்யத் தெரியாதுடி" என்றார் அம்மா. "பழைய ஊர்ல அத்தனை பேர் வருவாங்க. கை அதுலயே பழகிப்போச்சு."

"இங்க யாரு வருவாங்க?"

அம்மா அப்பாவைப் பார்த்தார். அப்பா கோட்டு போட்டு, கழுத்துப்பட்டை கட்டி, கதவோரம் நின்றிருந்தார். ஸ்லாவா அன்று வீட்டுக்காரர் உட்காரக் கூடாது. விருந்தாளிகளைக் கவனித்தபடி நின்றுகொண்டே இருக்க வேண்டும். அவர் காலை எட்டு மணியிலிருந்து நின்றுகொண்டிருந்தார்.

"வர்றவங்க வருவாங்க" என்றார் அப்பா.

"நம்மள இங்க யாருக்குமே தெரியாதேப்பா. போய்க் கூப்பிட்டாத்தானே வருவாங்க?"

"கல்யாணத்துக்குக் கூப்பிடலாம். பொறந்தநாளுக்குக் கூப்பிடலாம். ஸ்லாவாவுக்குக் கூப்பிடுற பழக்கம் நம்ம குடும்பத்துல கெடையாது. எங்கப்பா கூப்பிட்டதில்ல, அவங்கப்பாவும் கூப்பிட்டதில்ல. கதவு தொறந்திருக்கும். வர்றவங்க வருவாங்க."

"கதவு தொறந்துதான் இருக்கு. குளிருதான் உள்ள வந்து உக்காந்திருக்கு" என்றார் அம்மா.

ஒக்னியன் சிரித்தான். அப்பா சிரிக்கவில்லை.

பதினோரு மணி ஆயிற்று. பன்னிரண்டு ஆயிற்று. கண்ணாடிக்கு வெளியே தெரு நிறைய விருந்தாளிகள் நடந்தார்கள். கையில் பூ, புட்டி, இனிப்புப் பெட்டி. ஒவ்வொரு முறை காலடிச் சத்தம் கேட்கும்போதும் அப்பா கழுத்துப்பட்டையைச் சரிசெய்து நிமிர்ந்து நிற்பார். அவர்கள் கண்ணாடியைத் தாண்டி வேறு வீட்டுக்குப் போய்விடுவார்கள். எல்லோருக்கும் போவதற்கு ஒரு வீடு இருந்தது.

"ஒரே ஒரு மீன் துண்டு எடுத்துக்கவா?" என்றான் ஒக்னியன்.

"முதல்ல ரொட்டி பிய்க்கணும். அப்புறம்தான் மத்ததெல்லாம்" என்றார் அம்மா.

"பிய்க்கலாமே! நாலு பேர் இருக்கோமே!"

"முதல் விருந்தாளி கைபோடாம பிய்க்கக் கூடாது, கண்ணா" என்றார் அப்பா. சட்டென்று சுவரில் இருந்த புனிதர் படத்தின் பக்கம் திரும்பிக்கொண்டு, கண்ணில் ஏதோ விழுந்ததுபோல் தேய்த்தார்.

கண்ணில் எதுவும் விழவில்லை என்று இஸ்க்ராவுக்குத் தெரியும். அப்பா அழுது அவள் அதற்குமுன் பார்த்ததே இல்லை. ரொட்டி பிய்க்காமலே மெழுகுவர்த்தி எரிந்து முடிந்துவிட்டால் அப்பா என்ன ஆவார் என்று பயமாக இருந்தது.

"இஸ்க்ரா, போய் ரெண்டு சோடா வாங்கிட்டு வா" என்றார் அம்மா.

"ஆறு பாட்டில் இருக்கேம்மா."

"வாங்கிட்டு வான்னா வாங்கிட்டு வா."

அப்பாவை இப்படிப் பார்க்க வேண்டாம் என்றுதான் அம்மா தன்னை அனுப்புகிறார் என்று அவளுக்குப் புரிந்தது. மேலங்கியை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள்.

கடைசிப் பேருந்து நிறுத்தத்தில் புரெக் கடை மூடியிருந்தது. அதன் முன்னால் மூன்று ஆட்கள், முழங்கால்வரை சேறோடு, மூடிய கதவையே முறைத்துக்கொண்டு நின்றார்கள்.

"இங்கயும் மூடியாச்சு!" என்றார் அவர்களில் பெரிய மீசைக்காரர். "சூப் சன்னல் மூடியிருக்கு. கறி சுடுற கடை மூடியிருக்கு. இந்தப் பேட்டையில யாரும் சாப்பிடவே மாட்டாங்களா?"

"எல்லாரும் சாப்பிடறாங்க மேஸ்திரி. அவங்கவங்க வீட்டுல" என்றாள் இஸ்க்ரா. "இன்னிக்கு நிக்கோலா நாளாச்சே."

"அது தெரியும் பாப்பா. என் வீட்டு ஸ்லாவா மே மாசம். இவன் ஸ்ரேத்தெனோடது ஜனவரி. இதோ நிக்கிறானே துஃபான், இவன் துருக்கிக்காரன், இவனுக்கு ஸ்லாவாவே கெடையாது. அதான் எங்க மூணு பேர் தலையில இந்த வேலையக் கட்டிட்டாங்க. குழாய் ஒடஞ்சு, காலைலேர்ந்து பள்ளத்துக்குள்ள நிக்கிறோம்."

"பொஷிதார் அண்ணே, பேசினா பசி கூடும்" என்றான் ஸ்ரேத்தென். ஒல்லியான இளைஞன். "பாப்பா, இந்தப் பக்கம் மலிவா சாப்பிட எங்கயாச்சும் எடம் இருக்கா? சூடா இருந்தாப் போதும்."

துஃபானுக்கு எங்கள் மொழி அதிகம் வராது. "சூடு" என்று மட்டும் சொல்லி, விறைத்துப்போன கைகளைக் காட்டினான்.

இஸ்க்ரா அப்படியே நின்றுவிட்டாள். 'எங்கள் வீட்டுக்கு வாருங்கள்' என்று சொல்லலாம். ஆனால் அது கூப்பிடுவது. அப்பாவின் அப்பாவும் அவருடைய அப்பாவும் செய்யாததை அவள் செய்ததாகிவிடும். தெரிந்தால் அப்பா இன்னும் வருத்தப்படுவார். சும்மா போய்விட்டாலோ, இவர்கள் பட்டினி கிடப்பார்கள், அங்கே முப்பது பேர் சாப்பாடு ஆறிப்போகும்.

பிறகு யோசித்தாள். இவர்கள் கேட்டது என்ன? சாப்பிட ஓர் இடம். இன்றைக்கு யாசென்யாக்கில் வாசல் திறந்து, மேசை போட்டு, ஆள் இல்லாமல் இருக்கும் இடம் ஒன்றே ஒன்றுதான். அதைச் சொல்லாவிட்டால்தானே பொய்?

"ஒரு எடம் இருக்கு" என்றாள்.

"விலை எப்படி?" என்றார் பொஷிதார்.

"அதைவிடக் கொறச்சலா எங்கயும் இல்ல."

"ருசி?"

"வயித்துக்கும் போதும், நாக்குக்கும் போதும்."

"கடை பேரு?"

"பேரு எழுதி மாட்டல. பெரிய கண்ணாடி இருக்கும். நானும் அந்தப் பக்கம்தான் போறேன்."

சோடா வாங்குவதை மறந்தே போனாள். முன்னால் அவள் நடக்க, பின்னால் மூன்று ஜோடிக் காலணிகள் சளக் சளக் என்று வந்தன.

"கண்ணாடி, மேசை, துணி!" துஃபான் தூரத்திலேயே பார்த்துவிட்டான். "பெரிய கடை! காசு நிறைய?"

"பாப்பா மலிவுன்னு சொல்லுச்சுல்ல, நட" என்று அவனைத் தள்ளிக்கொண்டு பொஷிதார் முதலில் உள்ளே நுழைந்தார்.

நுழைந்தவர் ஓரடிகூட எடுத்து வைக்கவில்லை. எதிரே எரியும் மெழுகுவர்த்தியையும், பிய்க்காத ரொட்டியையும், புனிதர் படத்தையும், கோட்டுப் போட்டு நிற்கும் மனிதரையும் பார்த்தார். அவர் திடீரென்று நின்றதால் ஸ்ரேத்தென் அவர் முதுகில் முட்டிக்கொண்டான். பொஷிதாரின் கை தானாகப் போய்த் தொப்பியைக் கழற்றியது.

"பாப்பா" என்று கிசுகிசுத்தார். "இது ஸ்லாவா வீடு. வெறுங்கையோட வந்திருக்கோம். சேறோட வந்திருக்கோம்."

அவர் பின்வாங்கப் பார்த்தார். ஆனால் அப்பா அவர் முன்னால் வந்துவிட்டார். இரண்டு கைகளையும் விரித்து வழியை மறித்தார். அம்மாதான் சமாளித்தார். "சேறு தரைக்குத்தான், மேசைக்கு இல்ல. உள்ள வந்து கதவைச் சாத்துங்க, குளிரு போதும்!" என்றார்.

பொஷிதார் நிமிர்ந்து நின்றார். "ஸ்லாவா நல்லபடியா அமையட்டும், வீட்டுக்காரரே. இன்னும் நிறைய வருஷம் இந்த மெழுகுவர்த்தி எரியட்டும்" என்றார்.

"உங்களுக்கும் நல்லது நடக்கட்டும்" என்றார் அப்பா.

இஸ்க்ரா, வேகவைத்த கோதுமையில் சர்க்கரையும் அக்ரூட்டும் கலந்த தட்டை நீட்டினாள். ஸ்லாவா வீட்டுக்கு வருபவர்கள் முதலில் அதில் ஒரு கரண்டி சாப்பிட வேண்டும். பொஷிதார் சிலுவைக் குறி இட்டுச் சாப்பிட்டார். ஸ்ரேத்தெனும் சாப்பிட்டான். துஃபான் ஒரு கரண்டி சாப்பிட்டான், கண் விரிந்தது, இன்னொரு கரண்டி அள்ளினான், மூன்றாவதற்கும் கை நீட்டினான்.

"ஒண்ணுதான்! ஒண்ணுதான்!" என்று ஒக்னியன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"சாப்பிடட்டும் விடுடா" என்றார் அம்மா.

பிறகு அப்பா ரொட்டியைத் தூக்கினார். மூவரும் கை கழுவிக்கொண்டு வந்து சுற்றி நின்றார்கள். துஃபான் சற்று ஒதுங்கி நின்றான். அப்பா அவனைப் பார்த்துத் தலையசைத்ததும், மெதுவாக வந்து இரண்டு விரல்களை மட்டும் ரொட்டியின் ஓரத்தில் வைத்தான். ஒக்னியன் எட்டவில்லை என்பதால் பொஷிதார் அவனை ஒரு கையால் தூக்கிக்கொண்டார். எல்லாக் கைகளும் சேர்ந்து ரொட்டியைச் சுழற்றின. ஒரு சுற்று, இரண்டு, மூன்று. ரொட்டி பிளந்த சத்தம் அந்த நீள அறை முழுக்கக் கேட்டது. உள்ளிருந்து வாசனை எழுந்து எல்லோர் முகத்திலும் பட்டது.

இஸ்க்ராவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஆண்டுதோறும் பார்த்ததுதான், ஆனால் இத்தனை பெரிய விஷயமாக அது அவளுக்குத் தோன்றியதே இல்லை. ஒரு மணி நேரத்துக்கு முன்னால் முகமே தெரியாத மூன்று பேரின் கைகள், அப்பாவின் கையோடு ஒரே ரொட்டியில் இருந்தன. அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். காலையிலிருந்து காணாமல் போயிருந்த முகம் திரும்பி வந்திருந்தது.

அதற்குப் பிறகு மேசையில் மீன் பறந்தது. தட்டுக் காலியாவதற்குள் அப்பா நிரப்பினார். பொஷிதார் பள்ளத்துக்குள் விழுந்த தன் கைப்பேசியின் கதையைச் சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தார்.

அடுப்புப் பக்கம் அம்மா அப்பாவின் கையைப் பிடித்து இழுத்தார். "யாருங்க இவங்க? உங்க வேலை நடக்கிற எடத்து ஆளுங்களா?"

"இல்லையே. உன் சலவைக் கடை ஆளுங்கன்னு நெனச்சேன்."

"எனக்கு யாருன்னே தெரியாது! கேளுங்களேன்."

"ஸ்லாவா வீட்டுக்கு வந்தவனைப் பாத்து நீ யாருன்னு கேக்கறதா? பேசாம பீன்ஸை எடு."

மேசையின் அந்தப் பக்கம் துஃபானுக்கு வேறு கவலை. நான்காவது முறை தட்டு நிறைந்ததும் அவன் ஸ்ரேத்தெனின் காதில், "அண்ணே, நான் கேக்கல, அவர் வைக்கிறார். எனக்குக் காசு கம்மி" என்றான்.

ஸ்ரேத்தெனுக்குச் சிரிப்பில் புரையேறியது. ஆனால் அந்தக் குறும்புக்காரன் உண்மையைச் சொல்லவில்லை. "சாப்பிடு, சாப்பிடு. கடைசில பாத்துக்கலாம்" என்றான்.

கடைசி வந்தது. அக்ரூட் கேக்கின் கடைசித் துண்டையும் முடித்துவிட்டு, துஃபான் எழுந்து நேராக அப்பாவிடம் போனான். பணப்பையைத் திறந்தான்.

"ரொம்ப நல்லா இருந்தது. எவ்வளவு?"

அப்பா புரியாமல் பணப்பையைப் பார்த்தார்.

"என்ன எவ்வளவு?" என்றார் அப்பா.

"சாப்பாடு. பாப்பா சொன்னாங்க. மலிவு, சூடு, நல்ல கடை."

அப்பா மெதுவாகத் திரும்பினார். "இஸ்க்ரா?"

இஸ்க்ராவின் காது சிவந்தது. மேசைக்கு அடியில் புகுந்துவிடலாமா என்று இருந்தது. ஆனால் அவள் எழுந்து நின்றாள்.

"நான் கூப்பிடலப்பா. சத்தியமா கூப்பிடல. சாப்பிட எடம் எங்க இருக்குன்னு கேட்டாங்க. எல்லாக் கடையும் மூடியிருந்துச்சு. தொறந்திருந்தது நம்ம வீடு மட்டும்தான். இருக்கறதைத்தானே சொன்னேன்?"

அப்பா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபமா, வருத்தமா, எதுவும் தெரியவில்லை. அம்மா கையில் கரண்டியோடு அப்படியே நின்றார். பொஷிதார் தொப்பியை முறுக்கிக்கொண்டிருந்தார்.

"நான் கதவத் தொறந்து வச்சேன்" என்றார் அப்பா கடைசியில். "ஆனா அது தொறந்திருக்குன்னு யாருக்கும் தெரியல. உனக்குத்தான் தெரிஞ்சிருக்கு." அவர் குனிந்து அவளை இறுக அணைத்துக்கொண்டார். "நல்லா பண்ணினே, என் தங்கமே. ரொம்ப நல்லா பண்ணினே" என்றார். இந்த முறை கண்ணைத் தேய்த்து மறைக்கவில்லை.

பிறகு துஃபானின் பணப்பையை மூடி, அதை அவன் சட்டைப் பையிலேயே வைத்தார். "இங்க காசு வாங்கறதில்ல, தம்பி."

துஃபான் மேசையைப் பார்த்தான். மீன் முள் குவிந்த தட்டுகளைப் பார்த்தான். மறுபடியும் அப்பாவைப் பார்த்தான்.

"காசே இல்லையா?"

"இல்ல."

அவன் சட்டைப் பையைத் தடவிப் பார்த்தான். "நாளைக்கு?" என்று கேட்டான். "நாளைக்குத் தொறந்திருக்குமா?"

ஸ்ரேத்தென் மேசையில் தலையை வைத்துக்கொண்டு சிரித்தான். ஆனால் ஸ்லாவா இரண்டாம் நாளும் உண்டு. முதல் நாள் வர முடியாதவர்கள் அன்று வரலாம்.

"தொறந்திருக்கும்" என்றார் அப்பா.

மறுநாள் சனிக்கிழமை. நண்பகலில் துஃபான் வந்தான். சலவைச் சட்டை போட்டு, தலைவாரி, கையில் ஒரு பை ஆரஞ்சோடு வந்தான். அவனுக்குப் பின்னால் அவன் விடுதியில் தங்கியிருக்கும் தோழர்கள் பதினான்கு பேர், ஆளுக்கொரு இனிப்புப் பெட்டியோடு வந்தார்கள். பொஷிதார் மனைவியையும் இரண்டு மகள்களையும் கூட்டிக்கொண்டு வந்தார். ஸ்ரேத்தென் தன் அம்மாவோடு வந்தான். பலகை நிறைந்தது. வாளிகள் நிறைந்தன. அப்புறமும் ஆட்கள் நின்றார்கள்.

"முப்பது பேருக்குச் சமைச்சது பத்தாதுன்னு சொல்ற நாளும் வந்துருச்சே!" என்று அம்மா சந்தோஷமாகப் புலம்பியபடி இன்னொரு பானையை அடுப்பில் ஏற்றினார்.

அப்பா நாற்காலி தேடிப் படியேறினார். மூன்று மாதமாக அந்த மனிதர் மாடிப் பக்கம் வந்ததே இல்லை. வழியில் பார்த்தால் தலையசைப்பார், அவ்வளவுதான். இரண்டாம் மாடியில் ஒரு கதவைத் தட்டினார்.

அந்தக் கதவைத் திறந்தது நான்தான்.

நான் ஒரு தையற்காரி, தனி ஆள். முதல் நாள் அவர்கள் கண்ணாடியைத் தாண்டித்தான் போனேன். யாரோ பெரிய கூட்டத்தை எதிர்பார்க்கிறார்கள், நாம் எதற்கு இடைஞ்சல் என்று நினைத்து, என் அறைக்கு வந்து தொலைக்காட்சியைப் போட்டுக்கொண்டேன். இப்போது நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

"கீழ் வீடு. ஸ்லாவா. நாற்காலி இருக்குமா?" என்றார் இஸ்க்ராவின் அப்பா, மூச்சு வாங்க.

என்னிடம் நான்கு இருந்தன. அவர் இரண்டைத் தூக்கினார், நான் இரண்டைத் தூக்கினேன். அந்த மீன் வாசனைக்குள் இறங்கிய பிறகு நாற்காலியைக் கொடுத்துவிட்டுத் திரும்பி வர யாருக்கு மனசு வரும்? எதிர்வீட்டுக்காரர்களும் அப்படித்தான். நாற்காலி கொடுக்க வந்தவர்கள் எல்லோரும் அவரவர் நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

நான் அந்த அறையைச் சுற்றிப் பார்த்தேன். துருக்கி மொழியும் எங்கள் மொழியும் மேசைக்கு மேலே மோதிக்கொண்டன. ஒருவர் பேசுவது மற்றவருக்குப் பாதிதான் புரிந்தது, ஆனாலும் எல்லோரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். ஒக்னியன் துஃபானின் மடியில் உட்கார்ந்து அவனுக்கு மீன் முள் எடுத்துக் கொடுத்தான். நான் பதினெட்டு வருடமாக வாழும் கட்டிடத்தின் கீழேதான் இது நடந்தது என்று என்னால் நம்ப முடியவில்லை.

அப்போது யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள். வெளியே ஒரு பேருந்து ஓட்டுநர் தயங்கித் தயங்கி நின்றார். பின்னால் இன்னொரு ஓட்டுநர் எட்டிப் பார்த்தார்.

இஸ்க்ரா கதவைத் திறந்தாள்.

"பஸ்ஸுல பேசிக்கிட்டாங்க" என்றார் முதல் ஓட்டுநர். "இங்க புதுசா ஒரு கடை, சாப்பாடு ரொம்ப மலிவுன்னு. நெசமாவா பாப்பா?"

இஸ்க்ரா வாயைத் திறப்பதற்குள், அறையின் மறுகோடியிலிருந்து அப்பா கையில் மீன் தட்டோடு குரல் கொடுத்தார்.

"இந்தப் பேட்டையில இதைவிட மலிவா எங்கயும் கெடைக்காதுங்க! வாங்க, உள்ள வாங்க, எல்லாரும் வாங்க!"